ஏறியது இருபது பேர், லைசென்ஸ் போனது ஒருவருக்கு

வியாழக்கிழமை சாயங்காலம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து ஏர்வாடி தர்காவுக்குப் பிரியும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கீழக்கரைப் பக்கமிருந்தும் சாயல்குடிப் பக்கமிருந்தும் லோடு வேன்கள் வரும். பகலில் மீன்பெட்டியும் ஐஸும் ஏற்றிய வண்டிகள்தான். தண்ணீர் ஊற்றிக் கழுவி, மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டி, கீழே பாய் விரித்திருப்பார்கள். சமையல் சட்டி ஒரு மூலையில், அரிசி மூட்டை ஒரு மூலையில். நடுவில் குமர்கள், கிழவிகள், கைக்குழந்தைகள். பின்கதவைத் திறந்து தொங்கவிட்டு, குறுக்கே ஒரு நைலான் கயிறு கட்டியிருக்கும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவான். அவனுக்கும் ஓடும் தார்ச்சாலைக்கும் நடுவே அந்தக் கயிறு ஒன்றுதான் இருக்கிறது.

சந்தனக்கூடு நாட்களில் இந்த வண்டிகளை எண்ண முடியாது. தர்காவுக்கு மட்டும் என்றில்லை. காதுகுத்து, கெடாவெட்டு, மறுவீடு, உப்பளத்து வேலை, கட்சிக் கூட்டம் என்று இந்தக் கடற்கரையில் கூட்டமாகப் போக வேண்டுமென்றால் முதலில் நினைவுக்கு வருவது லோடு வேன்தான். பஸ் நேரத்துக்கு வராது. சீட்டு வைத்த வேனுக்கு வாடகை அதிகம். 'காக்கா, நம்ம ஆளுகதான், கொஞ்சம் ஏத்திக்கங்க' என்று சொன்னால் ஓட்டுநரும் மறுப்பதில்லை. நாளைக்கும் அதே ஊரில் வாழ வேண்டியவர் அவர்.

வழியில் போலீஸ் கை காட்டுகிறது. வண்டி ஓரங்கட்டுகிறது. எல்லோரும் இறங்குகிறார்கள். கொஞ்ச நேரம் கெஞ்சுகிறார்கள், பிறகு வருகிற பஸ்ஸிலோ ஆட்டோவிலோ ஏறிப் போய்விடுகிறார்கள். கடைசியில் சாலையோரம் மிஞ்சுவது வண்டியும் ஓட்டுநரும் ஒரு அபராத ரசீதும். அபராதத்தோடு விஷயம் முடிந்ததென்று அவர் நினைத்துக்கொள்கிறார். முடியவில்லை என்பது பிறகு ராமநாதபுரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து தபால் வரும்போதுதான் தெரிகிறது. சரக்கு வாகனத்தில் ஆட்களை ஏற்றியதற்காக உங்கள் ஓட்டுநர் உரிமத்தை ஏன் நிறுத்திவைக்கக் கூடாது என்று கேட்கும் நோட்டீஸ் அது.

இந்தக் கட்டுரை அந்த நோட்டீஸைப் பற்றியது. அதைக் கையில் வாங்கும் ஓட்டுநர்களில் பெரும்பாலோர் பிரித்துப் படிப்பதற்கு முன்பே தோற்றுப்போகிறார்கள் என்பது என் ஆதங்கம். படித்துப் பதில் எழுதி நேரில் போய் நின்றால் சொல்லிக்கொள்ள அவர்களுக்கு நிறைய இருக்கிறது. அந்த உரிமையைச் சட்டமே கொடுத்திருக்கிறது.

கோவை மருத்துவர் போட்ட வழக்கு

ஆள் ஏற்றினால் மூன்று மாதம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? அதன் தொடக்கத்தில் ஒரு தமிழ்நாட்டுக்காரர் இருக்கிறார். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் டாக்டர் எஸ். ராஜசேகரன். விபத்தில் நொறுங்கி வந்த கை கால்களையும் முதுகெலும்புகளையும் சரிசெய்துகொண்டே இருந்த அவர், 2012இல் சாலைப் பாதுகாப்பு கேட்டு உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். 2014 ஏப்ரலில் நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழு 2015 ஆகஸ்டில் எல்லா மாநிலங்களுக்கும் ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. அதிவேகம், சிவப்பு விளக்கை மீறுதல், குடித்துவிட்டு ஓட்டுதல், ஓட்டும்போது செல்போன், சரக்கு வாகனத்தில் அதிக பாரம், சரக்கு வாகனத்தில் ஆட்கள். இந்த ஆறில் எதைச் செய்தாலும் குறைந்தது மூன்று மாதம் உரிமத்தை நிறுத்த வேண்டும் என்றது.

அப்படிச் சொல்லக் காரணம் இல்லாமல் இல்லை. 2022இல் நாட்டிலேயே மிக அதிகமான சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு. 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். சாவுக் கணக்கில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். லோடு வேன் கவிழ்ந்தால் என்ன நடக்கும் என்று கடற்கரைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது, சாய்ந்துகொள்ள இருக்கை கிடையாது. வண்டி புரண்டால் பின்னால் இருப்பவர்கள் வீசி எறியப்படுகிறார்கள், அல்லது வண்டிக்கு அடியில் கிடக்கிறார்கள்.

ஆகவே சட்டம் தவறென்று நான் சொல்ல வரவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 19வது பிரிவும் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 21வது விதியும் ஆள் ஏற்றுவதை உரிமத்தை நிறுத்தும் அளவுக்கான குற்றமாகவே வைத்திருக்கின்றன. 2019 திருத்தம் இன்னும் இறுக்கியது. ஹெல்மெட் போடாவிட்டாலும், பைக்கில் மூன்று பேர் போனாலும், ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டாலும் போலீஸ் உரிமத்தை வாங்கி வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு அனுப்பலாம். அப்படிப் போனால் முதல் தடவை மூன்று மாதம். இரண்டாம் தடவை உரிமமே ரத்து.

'கேன்சல்' என்று ஒரே சொல்லில் முடிக்காதீர்கள்

நம் ஊரில் இரண்டையும் 'லைசென்ஸ் கேன்சல்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். இதனாலேயே பாதிப் பேர் நம்பிக்கை இழந்து, புரோக்கர் கையில் போய் விழுகிறார்கள். நிறுத்திவைத்தால் அட்டை உங்களுடையதாகவே இருக்கிறது. காலம் முடிந்ததும் திரும்ப வருகிறது. ரத்து செய்தால்தான் தடைக்காலம் முடிந்தபின் எல்.எல்.ஆரில் இருந்து மறுபடி தொடங்க வேண்டும். உங்களுக்கு வந்த உத்தரவு இதில் எது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று முதலில் படித்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் ஊரில் படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு குழப்பம் போலீஸ் கொடுக்கும் துண்டுச்சீட்டு. உரிமத்தை வாங்கிக்கொண்டால் ஒப்புகைச் சீட்டு கொடுக்க வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் எல்லாச் சீட்டும் ஒன்றல்ல. சாதாரணமாக ஆவணத்தைப் பிடித்துவைத்துக் கொடுக்கும் சீட்டை வைத்து, அதில் குறித்த காலம் வரை வண்டி ஓட்டலாம். அதிவேகம், குடி, ஹெல்மெட் போன்ற குற்றங்களுக்காக 206வது பிரிவின் நான்காம் உட்பிரிவில் பிடித்திருந்தால், அந்தச் சீட்டு வண்டி ஓட்ட அனுமதி ஆகாது. எந்தப் பிரிவு என்று சீட்டில் பார்க்க வேண்டும். எழுதாமல் கொடுத்தால் மரியாதையாகக் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

போலீஸ் பிடிக்கலாம், பரிந்துரைக்கலாம். நிறுத்திவைக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அது உரிமம் வழங்கும் அலுவலருக்கும் நீதிமன்றத்துக்கும் மட்டுமே உண்டு. கொல்கத்தா உயர் நீதிமன்றம் 2022இல் ஒரு பெண் ஓட்டுநரின் வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. அலுவலரும் நினைத்த மாத்திரத்தில் நிறுத்த முடியாது. ஓட்டுநர் சொல்வதைக் கேட்க வேண்டும், காரணத்தை எழுத்தில் வைக்க வேண்டும். 19வது பிரிவின் வாசகத்திலேயே இவை இருக்கின்றன.

விளக்கக் கடிதம்

நோட்டீஸுக்கு வழக்கமாகப் போகும் பதிலைப் பாருங்கள். அலுவலகத்துக்கு வெளியே மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவரிடம் காசு கொடுத்து வாங்கியது. 'ஐயா, நான் அறியாமல் செய்த தவறை மன்னித்து, என் குடும்ப நிலைமையைக் கருதி...' என்று போகும். எல்லோருக்கும் ஒரே வாசகம். இதைப் படிக்கும் அலுவலருக்கு எதுவும் தெரியவராது. அன்றைக்கு வண்டியில் யார் இருந்தார்கள், ஏன் இருந்தார்கள், எத்தனை பேர் என்று எதுவும் இல்லை. மன்னிப்பு மட்டும் இருக்கிறது. அதாவது குற்றத்தை ஒப்புக்கொண்டாகிவிட்டது.

என்ன எழுத வேண்டும்? நடந்ததை எழுத வேண்டும். வண்டியில் இருந்தவர்கள் சுமை ஏற்றி இறக்கும் கூலியாட்களா? சரக்குக்குச் சொந்தக்காரரா? கடலில் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு கீழக்கரை ஆஸ்பத்திரிக்குப் போன வழியில் பிடித்தார்களா? அப்படியானால் ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலை இணைக்க வேண்டும். வண்டி ஓடாமல் நின்றுகொண்டிருந்ததா? எண்ணிக்கை தவறாக எழுதப்பட்டிருக்கிறதா? இதற்கு முன் ஒரு வழக்குகூட இல்லையென்றால் அதைச் சொல்ல வேண்டும். உண்மையில் இருபது பேரை ஏற்றிக்கொண்டு வந்திருந்தால் அதையும் மறைக்காமல், யார் வாடகைக்குப் பிடித்தார்கள், எங்கிருந்து எங்கே, என்ன காரணம் என்று எழுத வேண்டும். பொய்யைவிட அந்த உண்மை உங்களைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். கடிதத்தைக் கொடுக்கும்போது நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். விசாரணைக்குக் கூப்பிட்டால் போங்கள். சட்டையை மாற்றிக்கொண்டு, அசல் ஆவணங்களோடு, வண்டி உரிமையாளரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

விபத்து வழக்குகளில் இது இன்னும் முக்கியம். எஃப்.ஐ.ஆரில் பெயர் வந்துவிட்டது என்பதை மட்டுமே வைத்து, ஓட்டுநர்தான் குற்றவாளி என்று முன்கூட்டியே முடிவுகட்டி உரிமத்தை நிறுத்துவதைச் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகளில் ஏற்கவில்லை. அரசு பஸ் ஓட்டுநர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள், அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது. ஏர்வாடியில் ஒற்றை வண்டி வைத்து ஓட்டுபவருக்குச் சங்கமும் இல்லை, சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை.

உத்தரவு வந்தபின்னும் வழி அடைபடவில்லை. கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளைக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் மேல்முறையீடு போட்டதாலேயே உத்தரவு நின்றுவிட்டது என்று வண்டியை எடுத்துவிடக் கூடாது. தடை கிடைக்கும்வரை உத்தரவு உத்தரவுதான்.

அந்தத் தொண்ணூறு நாள்

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. வண்டிக்கு ஃபைனான்ஸ் தவணை கட்ட வேண்டும். பள்ளிக்கூடப் பீஸ் இருக்கிறது. 'பக்கத்துல கீழக்கரைதானே, ராத்திரி ஒரு நடை' என்று எடுத்துவிடுகிறார். அட்டை தொலைந்துபோனதாகச் சொல்லி இன்னொன்று வாங்கித் தருகிறேன் என்று ஒருவன் காசு கேட்கிறான். நிறுத்திவைத்த விவரம் இப்போது சாரதி இணையப் பதிவில் இருக்கிறது. செல்போனில் எண்ணைத் தட்டினால் தெரிந்துவிடும். பொய் சொல்லி வாங்கிய அட்டை, தனியாக இன்னொரு குற்றம்.

தடைக்காலத்தில் ஓட்டினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். தெரிந்தே வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் தண்டனை உண்டு. இதைவிடப் பயங்கரமானது இன்சூரன்ஸ். செல்லுபடியாகும் உரிமம் இல்லாதவர் ஓட்டி யாரையாவது மோதினால், காப்பீட்டு நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ள 2004இல் உச்ச நீதிமன்றம் ஸ்வரண் சிங் வழக்கில் வழி காட்டியது. ஒரு ராத்திரி நடைக்கு வீடும் போகும், வண்டியும் போகும்.

ஆகவே, வண்டி நிற்கக் கூடாது என்றால் ஆக்டிங் டிரைவர் போடுங்கள். அவருக்கு இலகுரக வாகன உரிமம் இருந்தால் போதும். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்குத் தனியாக டிரான்ஸ்போர்ட் உரிமம் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று சொல்லிவிட்டது. அவர் உரிமத்தை வாங்கிப் பார்த்து, போனில் சரிபார்த்து, நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காலம் முடிந்ததும் அட்டை தானாக வீட்டுக்கு வந்துவிடாது. உத்தரவின் நகல், அபராத ரசீது, ஆதார் எல்லாம் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஒப்படைத்த உரிமத்தைத் திரும்பத் தரும் முன் ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்றும் 2019 திருத்தம் சொல்கிறது. உரிமம் பெற்ற ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அதை முடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். கடைசி நாள் வரை காத்திராமல், நிறுத்திய முதல் மாதத்திலேயே எங்கே, எத்தனை நாள் என்று அலுவலகத்தில் கேட்டு முடித்துவிடுங்கள். இந்த மூன்று மாதத்துக்குள் உரிமத்தின் காலமே காலாவதியாகிறதா என்பதையும் பாருங்கள். நிறுத்திவைத்த நாட்களைக் கூட்டித் தரமாட்டார்கள்.

இந்தக் கடற்கரையில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடா போனவர். அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அமீரகத்தில் தவறுக்குத் தவறு கறுப்புப் புள்ளி ஏறும். 24 புள்ளி சேர்ந்தால் முதல் தடவை மூன்று மாதம் உரிமம் போகும், அடுத்த தடவை ஆறு மாதம். ஆனால் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தால் எட்டுப் புள்ளி குறைத்துக்கொள்ளலாம். எத்தனை புள்ளி ஏறியிருக்கிறது என்று ஓட்டுநர் தன் போனிலேயே பார்க்கலாம். விழுவதற்கு முன்பே எச்சரிக்கை வந்துவிடுகிறது. இங்கே பெரும்பாலும் நோட்டீஸ்தான் முதல் எச்சரிக்கை. கீழக்கரையிலிருந்து துபாய் போய் ஒழுங்காக ஓட்டும் அதே பையன்தான் ஊருக்கு வந்ததும் லோடு வேனில் உறவுக்காரர்களை ஏற்றுகிறான். அவனுக்கு ஒழுங்கு தெரியாமல் இல்லை.

ஏர்வாடிக்கு வரும் இன்னொரு ஓட்டுநர்

ஏர்வாடி என்றதும் நாட்டுக்கு நினைவு வருவது வேறொன்று. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதன்பிறகு சங்கிலிகள் அகன்றன. தர்காவில் துஆவோடு மனநல மருத்துவரின் மருந்தும் கிடைக்க வழி செய்தார்கள்.

மனநோய் தீர வேண்டி இங்கே அழைத்துவரப்படுபவர்களில் நேற்றுவரை லாரியோ ஆட்டோவோ ஓட்டிய ஆண்களும் இருக்கிறார்கள். அவர்கள் தேறி ஊர் திரும்பும்போது 'இனி லைசென்ஸ் கிடையாது' என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நோயினாலோ ஊனத்தினாலோ ஒருவர் இப்போது ஓட்டத் தகுதியற்றவர் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் உரிமத்தை ரத்து செய்யவோ, மருத்துவச் சான்று கேட்கவோ 16வது பிரிவு அனுமதிக்கிறது. சான்றிதழ் கொண்டுவந்தால் வைத்துக்கொள்ளலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது. ரத்து செய்தால் 30 நாளைக்குள் மேல்முறையீடு உண்டு. ஆகவே மருந்துச் சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். தொடர்ந்து சிகிச்சையில் இருக்கிறார் என்பதற்கு அவைதான் சாட்சி. அதே சமயம், சாப்பிடும் மாத்திரை தூக்கம் வரவழைக்குமா, எப்போதிலிருந்து ஸ்டீயரிங் பிடிக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்காமல் வண்டியை எடுக்கவும் கூடாது. வீட்டார் வெட்கப்பட்டு இதை மறைக்கிறார்கள். மறைத்தால் அவருக்கும் ஆபத்து, எதிரே வருபவருக்கும் ஆபத்து.

ஏறியவர்களிடம் ஒரு வார்த்தை

ஓட்டுநரைப் பற்றியே இவ்வளவு பேசினேன். பின்னால் ஏறுபவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். 'வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்குல்ல' என்று சொல்லித்தான் ஏறுகிறீர்கள். அந்த இன்சூரன்ஸ் உங்களுக்கு இல்லை. சரக்கு வாகனத்தில் சும்மா பயணம் செய்பவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று 2002இல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சரக்கோடு வரும் அதன் சொந்தக்காரர், வேலைக்கு வைத்த சுமைக்கூலி போன்றவர்களுக்குத்தான் பாதுகாப்பு. நேர்ச்சைக்குப் போகும் பாட்டிக்கும், கயிற்றைப் பிடித்து நிற்கும் பேரனுக்கும் இல்லை. ஏதாவது நடந்தால் நஷ்ட ஈட்டைப் பெரும்பாலும் உரிமையாளரிடமிருந்துதான் வாங்க வேண்டிவரும். அவர் தவணையில் வண்டி வாங்கிய உங்கள் தெருக்காரர்.

வாடகைக்குப் பிடிப்பவர்கள் எந்த நோட்டீஸும் வாங்குவதில்லை. உப்பளத்துக்கோ கட்டட வேலைக்கோ ஆட்களை அள்ளிப்போகச் சொல்லும் ஒப்பந்தக்காரரும் வாங்குவதில்லை. கூட்டத்துக்கு ஆள் திரட்டுபவரும் வாங்குவதில்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. விளக்கக் கடிதத்தில் அவர்கள் பெயரை எழுதச் சொன்னதற்குக் காரணமும் இதுதான். அலுவலகக் கோப்பில் அந்தப் பெயர்கள் ஏறாதவரை, ஓட்டுநர் ஒருவர்தான் இதற்கெல்லாம் காரணம் என்று அரசு நினைத்துக்கொண்டே இருக்கும். வியாழக்கிழமையும் சந்தனக்கூடு நாட்களிலும் ராமநாதபுரத்திலிருந்து தர்காவுக்குக் கூடுதல் பஸ் விட வேண்டும், திரும்பும் பஸ் நள்ளிரவு வரை ஓட வேண்டும் என்ற கோரிக்கையும் அந்தக் கடிதங்களோடு சேர்ந்து போக வேண்டும்.

மூன்று மாதம் முடிந்து, பயிற்சி முடித்து, ஓர் ஓட்டுநர் அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏர்வாடி திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் போன் அடிக்கிறது. வாலிநோக்கத்திலிருந்து பழைய வாடிக்கைக்காரர். அடுத்த வாரம் மகளுக்கு மறுவீடு, சாமானும் ஆட்களுமாகப் போக வேண்டும், வாடகை எவ்வளவு என்கிறார். ஓட்டுநர் கேட்க வேண்டியது ஒன்றுதான். 'சாமான் மட்டும்னா நான் வர்றேன் மாமா. ஆளுகளுக்கு சீட்டு வண்டி ஒண்ணு சொல்லட்டுமா?'